படைவீரனின் உடல் யாருக்குச் சொந்தம்? ஜோன் ஸ்கால்சியின் 'ஓல்ட் மான்ஸ் வார்' நாவல் குறித்துச் சில கருத்துக்கள்

விஞ்ஞானப் புனைகதையை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளத் தயங்கும் மனோபாவம் எம்மிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. தரமான இலக்கியம், ஜனரஞ்சக இலக்கியம் எனக் கறாராகக் கோடு கிழிப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒரு சமுதாயம் தன்னைப் பற்றிச் சொல்லக் கூசுவனவற்றை அதன் ஜனரஞ்சக எழுத்துக்களே பெரும்பாலும் கூச்சமின்றிச் சொல்லிவிடுகின்றன. அமெரிக்க எழுத்தாளரான ஜோன் ஸ்கால்சி எழுதி 2005 இல் நூலாக வெளிவந்த இந்நாவலை நாம் எடுத்துக்கொள்வது இக்காரணம் பற்றியே.

கதை எளிமையானது. விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்த ஜோன் பெரி, மனைவி கதி இறந்த பின்னர், தனது 75 ஆவது வயதில் காலனிப் பாதுகாப்புப் படையிற் சேருகிறான். 65 ஆவது வயதில் விருப்பக் கடிதத்திற் கையொப்பமிட்டபோது எடுத்துக்கொண்ட உயிரணுக்களிலிருந்து, வேற்றுப் பரம்பரையலகுகளையும் கலந்து, அவனுக்கென ஒரு புதிய உடல் வளர்க்கப்பட்டிருக்கிறது. பச்சையம் ஊறிய பச்சைத் தோல், பூனைக் கண், குருதிக்குப் பதிலாகச் செயற்கைத் திரவம், மூளைக்குள் ஒரு கணினி. முதியவனின் பிரக்ஞை இவ்வுடலுக்கு மாற்றப்படுகிறது. பூமியைப் பொறுத்தவரை அவன் சட்டப்படி இறந்தவன். சேவைக் காலம் இரண்டாண்டு என்பது பத்தாண்டாக நீளக்கூடியது. அப்பத்தாண்டுக்குள் சேர்ந்தோரில் முக்காற்பங்கினர் மடிவர் என்பதைப் படையதிகாரியே வெளிப்படையாகக் கூறுகிறார்.

இங்கு நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். தொழிலாளி தனது உழைப்புச் சக்தியைக் குறித்த காலத்துக்கு மட்டுமே விற்பவன். மொத்தமாக விற்றுவிடின் அவன் அடிமையாகிறான் என்னும் வேறுபாட்டை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் வற்புறுத்துவார். ஸ்கால்சியின் படைவீரன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவன். ஒப்பந்தத்திற் சுதந்திரமாகவே கையொப்பமிடுகிறான். ஆனால் போரிடும் உடல் அவனுடையதன்று. அது படையின் உற்பத்திச் சாதனம். அவ்வுடலுக்குப் பிள்ளை பெறும் ஆற்றலும் இல்லை. சேவை முடிந்தால் மாற்றமற்ற மனித உடலொன்று திருப்பி வழங்கப்படும். அதாவது உயிரே ஓய்வூதியம். ஐக்கிய அமெரிக்காவிலே கட்டாய இராணுவச் சேவை 1973 இல் முடிவுற்றது. அதன் பின்னர் கல்விச் செலவும் மருத்துவ வசதியும் வேண்டி நிற்கும் இளைஞர் பலருக்கு, சுயவிருப்பம் என்பது வறுமைக்கு இடப்பட்ட மறுபெயராயிற்று. ஈராக் படையெடுப்பு நிகழ்ந்து ஈராண்டில் வெளிவந்த இந்நாவல், அவ்விளைஞரின் இடத்தில் முதியவரை வைக்கிறது. முதுமையை அஞ்சுவோருக்கு இளமையைக் காட்டி ஆட்சேர்ப்பது கற்பனையில் மாத்திரமே புதிது.

எமது பிராந்தியத்து வாசகரை மற்றொரு செய்தி உறுத்தாமற் போகாது. நாவலின் பின்னணியில் அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்குமிடையே நடந்து முடிந்த 'துணைக்கண்டப் போர்' ஒன்று உண்டு. விண்வெளிக் குடியேற்றத்துக்கு ஏழை நாடுகளின் மக்களே அனுப்பப்படுகின்றனர். அமெரிக்கர் படைவீரராகவே புறப்படலாம். இந்துக்களுக்குக் கிடைத்தது எமக்கில்லையா என லியோன் என்னும் பாத்திரம் வெறுப்பைக் கக்குகிறான். ஆசிரியர் அவனை எள்ளி நகையாடி, விரைவிலேயே சாகவும் செய்துவிடுகிறார். நல்லது. ஆயினும், இனவெறியனை ஒழித்துவிட்டால் இனவெறி ஒழிந்தது எனக் கருதுவது தாராண்மைவாதத்தின் பழைய பலவீனம். குடியேறும் அந்த மக்களில் ஒருவர்கூட இந்நாவலில் முழுமையான பாத்திரமாக உருப்பெறவில்லை. அவர்கள் காப்பாற்றப்பட வேண்டியவர்கள், அல்லது ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டவர்கள். விண்வெளிக்கு ஏறும் மார்க்கம் நைரோபியில் நிற்கிறது. ஆனால் நைரோபிவாசிகள் கதையில் இல்லை.

பிரபஞ்சத்தில் வாழத்தக்க கோள்கள் குறைவு, போட்டியிடும் இனங்களோ பல. ஆகவே போர் தவிர்க்கவியலாதது. இதுவே நாவலின் அடிப்படை நியாயம். வரலாற்றின் விளைவான ஆக்கிரமிப்பு இவ்வாறு இயற்கையின் நியதியாக உருமாறுகிறது. இக்கருத்துநிலையை எதிர்க்க ஆசிரியர் ஒருவரை அனுமதிக்கிறார்: துணைக்கண்டப் போரை முடிவுறச் செய்த முன்னாள் செனட்டர் பெண்டர். பேச்சுவார்த்தைக்கு வழி தேடாமல் ஏன் கொல்கிறோம் என்பது அவரது வினா. ஆனால் அவ்வினாவைத் தற்பெருமை மிக்க ஒரு மனிதரின் வாயில் வைத்து, ஆயுதமின்றி எதிரிகளிடம் சென்று அவர் மாண்டுபோவதாகக் காட்டுவதன் மூலம், வினாவுக்கே அசட்டுத்தனத்தின் சாயல் பூசப்படுகிறது. இது கலைக் குறைபாடு மட்டுமன்று, நேர்மைக் குறைபாடுமாகும்.

எனினும் இந்நாவலை வெறும் இராணுவத் துதி எனத் தள்ளிவிட முடியாது. ஓரங்குல உயரமே உள்ள கொவாண்டு இனத்தவரின் நகரை வீரர்கள் காலால் மிதித்தே அழிக்கும் அத்தியாயத்தில் எழுத்து தன் கட்டுப்பாட்டை மீறி உண்மை பேசுகிறது. எதிரி எவ்விதத்திலும் சமமற்றவன் என்பது அங்கு கண்ணெதிரே தெரிகிறது. பெரி நிலைகுலைந்து, தான் இன்னும் மனிதன்தானா எனத் திகைக்கிறான். மேலதிகாரியோ எல்லோருக்கும் நேரும் கட்டம் இதுவென ஆற்றுப்படுத்த, அவன் போருக்குத் திரும்புகிறான். மனச்சாட்சியும் ஒரு தொழில்நோயாகக் கணிக்கப்பட்டுச் சிகிச்சை பெறுகிறது. வியட்நாமிற் போரிட்ட ஜோ ஹால்டமன் 1974 இல் எழுதிய 'த ஃபோரெவர் வார்' நாவலின் வீரனுக்கு இத்தகைய ஆறுதல் வாய்க்கவில்லை. ரொபேர்ட் ஹெயின்லெயினின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1959) நாவலுக்குத் தாம் பட்ட கடனை ஸ்கால்சி மறைக்கவில்லை. அக்கடன் இவ்விடத்திலேயே கனமாகத் தெரிகிறது.

நாவலின் ஆழமான பிரச்சினை ஜேன் சேகன் என்னும் பாத்திரத்திலே தங்கியிருக்கிறது. விருப்பக் கடிதத்திற் கையொப்பமிட்டு 75 வயதுக்கு முன்னரே இறந்தோரின் பரம்பரையலகுகளிலிருந்து உருவாக்கப்படும் விசேட படையினருள் அவளும் ஒருத்தி. பெரியின் மனைவி கதியின் உயிரணுக்களே அவளுக்கு மூலம். வளர்ந்த உடலோடு பிறந்தவள். கதை நிகழும்போது அவளுக்கு வயது ஆறு. பெரிக்குக் குறைந்தபட்சம் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஜேனுக்கு அதுவுமில்லை, இறந்த ஒருத்தியின் கையொப்பமே அவளைப் படையிற் சேர்த்தது. உழைப்பாளியையே உற்பத்தி செய்துகொள்ளும் ஓர் அமைப்புக்கு ஆட்சேர்ப்பும் தேவையில்லை, சம்மதமும் தேவையில்லை. இவ்விடம்வரை வந்த ஆசிரியர் இதனைத் தொடராமல், இருவரும் ஒருநாள் சேர்ந்து வாழக்கூடும் என்னும் காதற்கனவுக்குள் நாவலை அடக்கிவிடுகிறார். 2006 இல் வெளிவந்த 'த கோஸ்ட் பிரிகேட்ஸ்' இவ்விசேட படையினரையே மையமாகக் கொண்டது. 2007 இல் வந்த 'த லாஸ்ட் கொலனி' காலனி ஒன்றியம் பூமியை அறியாமையில் வைத்திருந்ததைப் பெரியின் செயலாலேயே உடைக்கிறது. ஆனால் முதல் நூலிலே, தான் எவருக்குச் சொந்தம் என்று ஜேன் ஒருபோதும் கேட்பதில்லை.