மூன்று பிரதியும் ஒரே அறையில் என்றால்

இலங்கையின் கிழக்கே சம்மாந்துறையில் ஒரு வயற்காணி கைமாறினால் நொத்தாரிசு ஒரே உறுதியை மூன்றாக எழுதுவார். மூலம் வாங்கியவர் கைக்குப் போகும். இணைப்பிரதி அடுத்த மாதம் காணிப் பதிவகத்துக்குப் போகும். மூன்றாவது அவருடைய கோவையிலேயே இருக்கும். 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் விதித்த முறை இது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அலுமாரியோடு கடல் கொண்டுபோன உறுதிகளுக்கு மறுபிரதி எடுக்க வழி இருந்தது இதனால்தான். குறையும் உண்டு: தாள் கறையானுக்கு இரையாகும், ஒரு பதிவைத் தேடி நாட்கணக்கில் அலைய வேண்டும்.

வங்கிகளின் மெயின்ஃபிரேம் கணினிகளும் இதே வழியில்தான் நடந்தன. 1964இல் ஐபிஎம் சிஸ்டம்/360 அறிமுகமானதற்குப் பிந்திய ஆண்டுகளில், இரவு வேலை முடிந்ததும் தரவைக் காந்த நாடாவில் எழுதி, அந்த நாடாவை வேறொரு கட்டடத்துக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. நாடாவிலிருந்து மீட்பது மெதுவான வேலை. வண்டி, ஆள், பூட்டு என்று செலவும் வரும். ஆனால் இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்த நாடாவை வலையமைப்பு வழியாக எந்தத் திருடனாலும் தொட முடியாது.

நமது அரச மின்னஞ்சலுக்கு அந்தக் காவல் இருக்கவில்லை. அந்த மின்னஞ்சலைத் தாங்கிய லங்கா கவர்மென்ட் கிளவுட், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிரலின் தாக்குதலுக்கு 2023 ஆகஸ்டில் உள்ளானது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், சுமார் 5,000 கணக்குகளில், மீளவில்லை. இணைப்பிலேயே இருந்த காப்புப்பிரதியையும் அந்த நிரல் பூட்டிவிட்டது. இணைப்பறுத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. மின்னஞ்சல் மென்பொருளோ பழையது, 2013ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச். எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதில் நன்மை இல்லாமலில்லை. ஒவ்வொரு பிரதேச செயலகமும் தனித்தனியே சேவையகம் வைத்துப் பராமரிப்பது நடக்கிற காரியமா? ஆனால் குவித்த இடத்துக்கு வெளியே ஒரு பிரதி இல்லையென்றால், தாள்முறை தந்த பாதுகாப்பைக்கூட இழந்துவிடுகிறோம்.

பணமில்லை, தரவின் அளவு பெரிது என்பார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோனில் அரச தரவு மையம் எரிந்தபோது, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அளவு பெரிது, ஆகவே வெளிக்காப்பு இல்லை என்பது அங்கே சொன்ன காரணம். எல்டிஓ-9 என்ற வகைக் காந்த நாடா ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். 48 நாடாக்கள் போதும். ஒரு சிறிய அலுமாரியில் அடுக்கிவிடலாம்.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, மீட்டுப் பார்க்க வேண்டும். நம் அலுவலகங்கள் பெரிதும் அசட்டையாக இருக்கும் இடம் இதுதான். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. அதன் மாணவர்களைத் துணைக்கழைத்து, காலாண்டுக்கு ஒருமுறை வெற்று இயந்திரமொன்றில் காப்புப்பிரதியை மீட்டுப் பார்த்து, எவ்வளவு நேரம் பிடித்தது, எந்தக் கோப்பு திறக்கவில்லை என்று பிரதேச செயலகம் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டலாம்.