இரவல் குரலும் சொந்தக் குரலும்: நர்த்தகி நடராஜின் நடனத்தை முன்வைத்து

ஆண் கவிஞன் பெண் குரலில் இறைவனுக்காக ஏங்குவது நமக்குப் புதிதல்ல. நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். அமீர் குஸ்ரு தன் முர்ஷிதை நோக்கி மணப்பெண்ணாகப் பாடினார். கோபங்கொண்ட ஷா இனாயத்தின் மனம் இளக, புல்லே ஷா நடனப் பெண்ணின் உடையில் ஆடியதாகப் பஞ்சாபில் ஒரு கதை வழங்குகிறது. இவற்றை நாம் இறைக்காதல் என்று கொண்டாடுகிறோம். பிரதிக்கு வெளியே ஒருவர் அப்படி வாழ நேர்ந்தால், அவருக்குக் கிடைப்பது கேலிப் பெயர்தான்.

இந்த முரணை முன்வைத்தே நர்த்தகி நடராஜின் நடனத்தை வாசிக்க வேண்டியிருக்கிறது. மதுரையில் பிறந்து, இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேறிய திருநங்கை அவர். தோழி சக்தியுடன் தஞ்சை சென்று, தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றார். 'நர்த்தகி' என்ற பெயர் குரு இட்டது. நாயகி பாவம் அவரது தனித்துறை. 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் திருநங்கையும் அவரே.

ஆ. ரேவதி தேர்ந்தது வேறு வழி. தன் வரலாறான 'வெள்ளை மொழி'யை அவர் தனிநபர் நாடகமாகவே நிகழ்த்தினார். அங்கே காயங்கள் நேரடியாகப் பேசுகின்றன. நர்த்தகியோ பழந்தமிழ்ப் பாடல்களை எடுத்துக்கொள்கிறார். செவ்வியல் ஒழுங்குக்குள் தன்னை ஒளித்துக்கொள்ளும் சமரசம் இது எனச் சொல்ல இடமுண்டு. ஆனால் எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆண் கவிஞர்கள் இரவல் வாங்கிய பெண் குரல், அவரது உடலில் இரவலாக இல்லை. உரியவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தன் கதையைச் சொல்லாமலேயே தன்னைச் சொல்லிவிடுகிறார்.

ஆட்டத்தில் அடையாளம் தங்கும் என்பதைப் புத்தளத்தார் அறிவோம். சிரம்பையடியின் ஆபிரிக்க வம்சாவளியினர் தம் கிரியோல் பேச்சு வழக்கொழிந்த பின்னும் மஞ்சாப் பாட்டிலும் ஆட்டத்திலும் தம்மைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. விருது பெற்றதால்தான் நர்த்தகியை மதிக்கிறோம் என்றால், அந்த மதிப்பு திறமைக்குரியது, மனிதருக்குரியதல்ல. கற்பிட்டியிலோ முந்தலிலோ ஆடவே தெரியாத ஒரு பிள்ளை இப்படி வளர்ந்தால் என்ன செய்வோம்? மார்க்கச் சட்டத்தை விவாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். புல்லே ஷாவை மேடையில் மேற்கோள் காட்டும் நாம், தெருவில் அப்பிள்ளையை எப்படி அழைக்கிறோம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.