ஏவுவோர் இன்றி எழுதிய கை
ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை முன்வைத்து

புதுவைப் பெரிய அங்காடியை ஒட்டி ஓடும் ரங்கப்பிள்ளை வீதியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கின்றனர். கீரைக்கட்டும் மீன்கூடையும் சுமந்து செல்லும் அவர்களுள், அவ்வீதிக்குப் பெயர் தந்தவரின் மாளிகையை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. கீழ்த்தளத்தில் தமிழ் வீட்டின் மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். இரு நாகரிகங்களுக்கு இடையே நின்று வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்வை அக்கட்டடமே சொல்லிவிடுகிறது. ஆயினும் அவர் விட்டுச் சென்றவற்றுள் பெரியது அந்த மாளிகை அன்று. 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கி 1761 ஜனவரி வரை, இடையிடையே விடுபட்டாலும் முற்றாக நின்றுவிடாமல், அவர் எழுதிய நாட்குறிப்பே அது. ஆங்கில மொழிபெயர்ப்பில் அது பன்னிரண்டு தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை சென்னையில் வெளியாயிற்று.

அந்நூலைப் புரட்டும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. இதை எழுதுமாறு அவரை ஏவியவர் யார்? ஆளுநர் ஏவவில்லை, கும்பினி கூலி தரவில்லை, அச்சிட்டு விற்கும் எண்ணத்திற்கு அன்றைய புதுவையில் இடமே இல்லை. அவருடைய காலத்தில் அதைப் படித்து வியந்த வாசகர் கூட்டம் ஏதுமில்லை. 1846-இல் அர்மான் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அந்த ஏடுகளின் அருமையை உணர்ந்து படியெடுக்கும் வரை, அவை ஒரு குடும்பத்தின் உடைமையாகவே உறங்கின. அவ்வாறாயின், கால் நூற்றாண்டு ஒரு மனிதரின் கையை இயக்கிய விசை யாது?

இவ்வினா வெறும் இலக்கிய ஆர்வத்தால் எழுந்ததன்று. நம் பங்குகளில் இன்று இளைஞர் பலர் மாதச் சம்பளத்தை விட்டுத் தாமே தொழில் செய்ய முனைகின்றனர். ஒருவர் தையற்கடை வைக்கிறார். ஒருவர் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறார். ஒருவர் கடன்பெற்று ஆட்டோ வாங்கி ஓட்டுகிறார். பிறரிடம் வேலை செய்பவரை "எதற்காக உழைக்கிறாய்?" என்று எவரும் கேட்பதில்லை, மாதக் கடைசியில் வரும் சம்பளமே விடையாகிவிடுகிறது. தனக்குத் தானே முதலாளி ஆனவரிடமோ அவ்வினா ஒவ்வொரு விடியலிலும் வந்து நிற்கிறது. எழுப்ப மணி இல்லை. கண்டிக்க மேலாளர் இல்லை. தம்மை எது இயக்குகிறது என்று அறியாதவர் சில மாதங்களில் சோர்ந்துவிடுகின்றனர். அல்லது தாம் அறியாத ஏதோ ஒன்றால் துரத்தப்பட்டு ஓடுகின்றனர். ஏவுவோர் இன்றி இருபத்து நான்கு ஆண்டுகள் உழைத்த ஒருவரின் ஏடு, இவர்களுக்கும் நமக்கும் ஏதேனும் சொல்லக்கூடும் அன்றோ?

1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கர், இளமையிலேயே தந்தையுடன் புதுவைக்கு வந்தார். துணி, பாக்கு முதலிய வணிகத்தில் கைதேர்ந்தார். 'ஆனந்தப் புரவி' என்னும் கப்பலையும் உடைமையாகக் கொண்டிருந்தார். துய்ப்ளேக்ஸ் ஆளுநராயிருந்த 1742 முதல் 1754 வரையிலான காலத்தில் அவருடைய நம்பிக்கைக்குரியவராகி, தலைமைத் துபாஷியாகவும் உயர்ந்தார். 1756-இல் அப்பதவி கைவிட்டுப் போயிற்று. நோயும் கணக்கு வழக்குகளும் சூழ்ந்த இறுதி ஆண்டுகளைக் கடந்து, 1761 ஜனவரியில், ஆங்கிலேயரிடம் புதுவை வீழ்ந்த அதே நாள்களில், அவர் மறைந்தார்.

இவ்வாண்டுகளை வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலப்படும். பதவி வருவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே குறிப்பு தொடங்கிவிட்டது. பதவி போன பின்னரும் அது நிற்கவில்லை. எனவே, துபாஷி என்னும் தகுதியால் அவர் எழுதினார் என்று கூறுவது பொருந்தாது. புகழுக்காக எழுதினார் எனலாமோ? அதற்கும் அவருக்கு இந்த ஏடு தேவைப்படவில்லை. அவர் புலவர்களைப் புரந்தவர். தமிழில் 'ஆனந்தரங்கன் கோவை', வடமொழியில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' எனப் பாட்டுடைத் தலைவராகி அவர் பெற்ற புகழ் ஏராளம். புகழைப் பரிசு கொடுத்துப் பெற முடிந்த ஒருவர், எவரும் காணாத ஏட்டில் இரவுதோறும் எழுதுவானேன்?

நம் சிற்றறிவுக்கு மூன்று விசைகள் தென்படுகின்றன.

முதலாவது, வணிகரின் பழக்கம். வரவையும் செலவையும் அன்றன்றே பதியாவிடில் இரவில் உறக்கம் கொள்ளாதவர் வணிகர். கப்பல் வந்த நாள், சென்ற நாள், இறங்கிய சரக்கு, ஆளுநர் மாளிகையில் கேட்ட பேச்சு, அங்காடியில் உலவிய வதந்தி ஆகிய யாவும் ஒரே கணக்கில் ஏறுகின்றன. அவருடைய நடையும் அதற்கேற்றதே. பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் பாரசீகமும் கலந்த அன்றைய புதுவைப் பேச்சுத் தமிழ், முற்றுப்புள்ளியின்றி ஓடும் நீண்ட வாக்கியங்களில் வந்து விழுகிறது. இலக்கணம் கற்றோர் முகம் சுளிக்கலாம். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் எவ்வாறு பேசினர் என்பதை இவ்வளவு நெருக்கமாக நமக்குக் கேட்பிக்கும் உரைநடை வேறு அரிது.

இரண்டாவது, அச்சம். அவருடைய மாமன் முறையினரான நைனியப்பப் பிள்ளை, கும்பினியின் தலைமைத் தரகராய் இருந்து 1716-இல் சிறைப்பட்டு, உடைமைகளை இழந்து, 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்குச் சென்று நீதி வேண்டினார். அங்கே திருமுழுக்கும் பெற்றார். தீர்ப்பு பின்னர் தள்ளுபடியாயிற்று. ஆனால் இறந்தவர் மீளவில்லை. இது நிகழ்ந்தபோது ஆனந்தரங்கர் எட்டு வயதுச் சிறுவர். ஆள்வோரின் முகம் ஒரே இரவில் மாறும் என்பதை அவர் வீட்டுத் திண்ணையிலேயே கற்றிருப்பார். இன்னார் இன்ன நாளில் இன்னது சொன்னார் என்று அவர் ஓயாது பதிவதில், என்றேனும் சான்றாக வேண்டியிருக்கும் என்னும் எச்சரிக்கை ஒலிப்பதாகவே நாம் உணர்கிறோம். அவருடைய ஏட்டுக்குச் 'சொஸ்த லிகிதம்', அதாவது சொந்தக் கையெழுத்து, என்னும் பெயரும் உண்டு. அப்பெயரில் ஒரு முத்திரையின் உறுதி இருக்கிறது.

மூன்றாவது, மதிக்கப்பட வேண்டும் என்னும் ஏக்கம். 1746 பிப்ரவரியில் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்த பின், அப்பதவி யாருக்கு என்னும் போட்டி எழுந்தது. யார் வந்தனர், யார் யாரிடம் பரிந்துரைத்தனர், ஆளுநர் தம்மைப் பற்றி என்ன சொன்னார் என்பனவெல்லாம் பக்கம் பக்கமாக விரிகின்றன. தம்மைப் பாராட்டிய சொற்களை அவர் ஒன்றும் விடாமல் எழுதிவைக்கிறார். புலவர்களின் பாட்டு ஆற்றாத ஏதோ ஒரு பசியைத் துய்ப்ளேக்சின் ஒரு சொல் ஆற்றியிருக்கிறது.

இம்மூன்றையும் நாம் ஏட்டிலிருந்து ஊகித்தே அறிகிறோம் என்பதுதான் திறனாய்வின் மையம். ஆனந்தரங்கர் தம் காலத்து மனிதர்களின் நோக்கங்களை நுணுகிக் கண்டவர். ஆளுநரின் பேராசை, ஆளுநர் மனைவியின் தலையீடு, போட்டியாளரின் சூழ்ச்சி ஆகிய எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அதே கண் உள்நோக்கித் திரும்பும் இடங்களோ மிகக் குறைவு. அவரை இந்தியாவின் சாமுவேல் பெப்பீசு என்று ஒப்பிடுவோர் உளர். 1660 முதல் 1669 வரை எழுதிய அந்த இலண்டன் அலுவலர், தம் இழிசெயல்களையும் தாமே பதிந்தவர். தம் சூளுறவு எத்தனை நாளில் முறிந்தது என்றும் குறித்தவர். புதுவைக்காரரின் ஏட்டில் ஊர் முழுதும் தெரிகிறது. ஊரைக் காண்பவரின் நெஞ்சு மட்டும் திரைக்குப் பின்னேயே நிற்கிறது.

1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. இந்நிகழ்வைப் பற்றிய பக்கங்கள் நாட்குறிப்பின் மிகத் துயரமான பக்கங்களாகும். மனம் நொந்து எழுதுகிறார். காலத்தைக் குறை கூறுகிறார். பலரையும் குறை கூறுகிறார். அந்நாளில் ஆளுநரின் செவிக்கு மிக அருகில் இருந்த தமிழர் அவரே. தம் பதவிக்கும் தம் மௌனத்துக்கும் உள்ள உறவு என்ன என்னும் கேள்வியை அவர் அழுத்தமாகத் தம்மிடம் கேட்டுக்கொள்வதை நாம் காணவில்லை. தம்மை இயக்குவது எது என்று அறியாதவர், அது தம்மைத் தடுத்து நிறுத்தும் வேளையிலும் அதை அறிவதில்லை.

இவ்வாறு எழுதும் நமக்கு அவரை நோக்கி விரல் நீட்டும் தகுதி உண்டா? அதே பக்கங்கள் நம்மவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. அக்கோவிலை அகற்ற வேண்டுமென நெடுநாள் முயன்றவர்கள் அருகிலிருந்த சம்பா கோவில் குருக்கள் என்றே அவர் எழுதுகிறார். நைனியப்பரின் வழக்கிலும் இயேசு சபையாரின் பகைமைக்குப் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர் காட்டுகின்றனர். ஆண்டவருக்காக என்று சொல்லிச் செய்யப்பட்டவற்றுள் ஆண்டவருக்காக எவ்வளவு, தம் வெற்றிக்காக எவ்வளவு என்று அன்று எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை போலும்.

இன்னொரு குறிப்பும் நம்மைத் தொடுகிறது. 1745 அக்டோபரில், சம்பா கோவிலினுள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரைப் பிற கிறிஸ்தவரிடமிருந்து பிரித்து நின்ற சுவர், அம்மக்கள் முறையிட்டதன் பின் குருவின் ஆணைப்படி இடிக்கப்பட்டதாக அவர் பதிந்துள்ளார். அடுத்த மாதமே, கனகராய முதலியார் எழுப்பிய உழவர்கரைப் புனித அந்திரேயா ஆலயத்தின் விழாவில், சாதிதோறும் தனித்தனியே சமைத்து விருந்திட்ட செய்தியையும் எழுதியுள்ளார். சுவர் இடிந்த ஓசையையும், இடியாத சுவரின் மௌனத்தையும், நம் மறையைச் சாராத ஒருவரே நமக்குக் காத்து வைத்திருக்கிறார். இதற்காக மட்டுமே நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவருடைய நோக்கம் எதுவாயினும், அவருடைய உழைப்பு அந்நோக்கத்தைக் கடந்து பயன் தந்துவிட்டது. பிரபஞ்சன் அதிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் புதினங்களைப் படைத்தார்; பின்னதற்கு 1995-இல் சாகித்திய அக்காதெமி விருதும் கிட்டிற்று.

ஆயின் நோக்கம் எதுவாயினும் பயன் விளைந்தால் போதும் என்று முடித்துவிடலாமா? நூலுக்கு அது போதும், எழுதியவருக்குப் போதாது. பழக்கம், அச்சம், ஏக்கம் ஆகிய மூன்றும் தம்மளவில் பாவமல்ல. பழக்கம் சோர்வு வந்த நாளிலும் கையை இயக்கும். அச்சம் எச்சரிக்கை தரும். ஏக்கம் ஊக்கம் தரும். பெயர் அறியாது அவற்றைச் சுமப்பதே இடர். தையற்கடை வைத்த இளைஞர், தம்மை இயக்குவது தொழில்மீது கொண்ட காதலா, அண்ணனிடம் தோற்கக்கூடாது என்னும் வீம்பா என்று அறிந்துவிட்டால், கடையை மூடவேண்டிய தேவையில்லை. வீம்பு தணிந்த நாளில் எதை நம்பித் தையல் இயந்திரத்தின் முன் அமர்வது என்பதை அவர் முன்னரே தேடிக்கொள்வார்.

நாமும் ஒருவகையில் ஏவுவோர் இல்லாப் பணியாளரே. காலைத் திருப்பலி முடிந்தபின் ஒரு பங்குத்தந்தை நாளை எவ்வாறு கழிக்கிறார் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த இதழுக்குக் கட்டுரை எழுதுவது இறைமக்களுக்காக என்றே நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இதழ் அஞ்சலில் வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறோம் என்பதை நம் விரல்கள் அறியும். மறைவில் செய்யும் அறத்தைப் பற்றிய மலைப்பொழிவை எத்தனை முறை விளக்கியிருக்கிறோம்! அத்தனை முறையும், விளக்கம் நன்றாயிருந்தது என்று எவரேனும் சொல்ல மாட்டாரா என்று கோவில் வாயிலில் சற்றே தாமதித்தும் இருக்கிறோம். இதை எழுதியபின் பணியை விட்டுவிடப் போவதில்லை; நாளை சற்று விரைவாக வாயிலைக் கடக்கலாம்.

நாள்தோறும் தன்னாய்வு செய்யுமாறு புனித இஞ்ஞாசியார் கற்பித்த மரபு நம் கையில் உண்டு. ஆனந்தரங்கருக்கோ ஒப்பற்ற கண்ணும், சலியாத கையும் இருந்தன. அவருடைய கையைக் கடனாகப் பெறுவோம். ரங்கப்பிள்ளை வீதியில் எந்தக் கடையிலும் ஒரு குறிப்பேடு வாங்கலாம். அன்றைய வரவையும் செலவையும் எழுதுவோர், அவற்றின் கீழே மற்றொரு வரியும் எழுதட்டும்: இன்று செய்தவற்றுள் எதை யாருக்காகச் செய்தோம்? விடை பெருமை தருவதாக இராது. முதற்சில நாள்கள் பேனா தயங்கும். எவரும் காணாத ஏடு அது. பொய் எழுத வேண்டிய தேவை அங்கே இல்லை.