தெருவாசற் கதவும் முதியோர் அச்சமும்: பிரசங்கி 12 பற்றிய ஒரு விமர்சனம்

பிரசங்கி 12-ஆம் அதிகாரத்தின் தொடக்க வசனங்களை முதிய உடலின் உருவகமாகக் கொள்வது நெடுங்கால மரபு. யூதரின் தால்முத் இவ்வாறே பொருள் காண்கிறது. அரைப்பவர் பற்கள், பலகணி வழியே பார்ப்பவர் கண்கள் என ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உறுப்பு ஒதுக்கப்படுகிறது. நம் பிரசங்க பீடங்களிலும் இவ்விளக்கமே பெரிதும் ஒலிக்கிறது. இதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் இது ஒன்றை மறைத்துவிடுகிறது என்பதே எமது வாதம்.

ஐந்தாம் வசனம் மேட்டைக் குறித்த அச்சத்தையும் வழியில் எதிர்ப்படும் திகிலையும் கூறுகிறது. இவற்றுக்கு ஈடான உறுப்பு உடலில் இல்லை. உருவகம் விலக, அச்சம் தன் சொந்தப் பெயராலேயே நிற்கிறது. அங்ஙனமாயின், நான்காம் வசனத்தில் அடைபடும் தெருவாசற் கதவை உதடென்று மட்டும் கொள்ளும் கட்டாயமில்லை. அது மெய்யான கதவாகவும் இருக்கலாம்.

பெரம்பூரில் அக்கதவைக் காணலாம். 1955-இல் தொடங்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலையிலும், 1996-இல் மூடப்பட்ட பின்னி ஆலையிலும் உழைத்து ஓய்ந்தோர் பலர் இப்பகுதியில் முதுமை எய்தியுள்ளனர். அந்தி சாய்ந்ததும் தாழிட்டு, கழுத்துச் சங்கிலியை முந்தானையால் மூடும் மூதாட்டிக்கு வழியின் திகில் உருவகமன்று.

1970-களிலிருந்து மேனாடுகளில் நடந்த ஆய்வுகள் பல, முதியோர் இளைஞரைவிடக் குறைவாகவே குற்றத்துக்கு இலக்காகின்றனர், ஆயினும் மிகுதியாக அஞ்சுகின்றனர் என்றன. இதனை வீண் அச்சமென்று தள்ளியோரும் உண்டு. ஆனால் வெளியே வராதவரிடம் சங்கிலியைப் பறிப்பது எங்ஙனம்? எண்ணிக்கை குறைந்ததற்குக் கதவு அடைபட்டதும் ஒரு காரணமன்றோ? மேலும், தள்ளப்பட்டு விழும் இளைஞன் எழுந்து நடப்பான். இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி மீண்டும் நடவாமலே போகலாம். அவ்வச்சத்தை அவிசுவாசம் எனக் கடிந்துகொள்ளும் போதகர், வசனத்தையும் மனிதரையும் ஒருங்கே தவறாக வாசிக்கிறார்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பறிப்பைத் தனிக் குற்றமாக வகுத்துள்ளது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பதாக ஒப்பிச் சொத்தைப் பெற்றபின் கைவிடுவோரிடமிருந்து அச்சொத்தை மீட்க வழி செய்கிறது. இப்படியொரு சட்டம் தேவைப்பட்டதே, திகில் சில வேளை கதவுக்கு உட்புறத்திலும் உண்டென்பதற்குச் சான்று. காவலர் போல் நடித்துத் தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிப்போர்க்கோ கதவே தடையன்று.

சபை செய்யத்தக்கது யாது? மாலை ஆராதனையை வெளிச்சமுள்ள நேரத்துக்கு மாற்றலாம். ஓய்வூதிய நாளில் வங்கிக்குத் துணை அனுப்பலாம். மிரட்டும் அழைப்பு வந்தால் உடனே கலந்துபேச ஒருவரை நியமிக்கலாம். இவை சிறியவையே. ஆயினும் சகரியா 8-ஆம் அதிகாரம், கர்த்தர் தங்கும் நகரத்துக்கு அடையாளமாக, வீதிகளில் கோலூன்றி அமர்ந்திருக்கும் முதியோரையும் அங்கே விளையாடும் பிள்ளைகளையுமே காட்டுகிறது. பிரசங்கி கண்ட கதவு அந்நகரத்தில் திறந்திருக்கிறது. நம் தெருவில் அது திறக்கும்வரை நம் வியாக்கியானம் நிறைவுபெறாது.