முறுக்கிய செம்பிழை

இணைப்பகத்திலிருந்து பூமிக்கடியில் வரும் தொலைபேசிக் கேபிளைப் பிரித்தால், தாம்புக் கயிற்றைப் போல் இரண்டிரண்டாக முறுக்கிய செம்பிழைகளே தென்படும். 1881ஆம் வருஷம் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற அந்த முறுக்கில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. அயல் கம்பிகளின் இரைச்சல் இரு இழைகளையும் ஏறக்குறையச் சமமாகப் பற்றுவதால், மறுமுனையில் அவற்றின் வித்தியாசத்தை மட்டும் கொள்ளும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

மனிதக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய இடமே போதுமாகையால், அதே இழைகளில் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இணையம் பிரவாகமாக ஓடியபோதும் பேச்சு கலங்கவில்லை. வீட்டுச் சுவரோரம் நின்று இரண்டையும் பிரித்துக் கொடுத்த ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு பெட்டியும் பாராட்டுக்குரியதே.

ஆயினும் என் மனத்துக்கு மிக உகந்த குணம் வேறு: வீட்டில் மின்சாரம் போன மழை இரவிலும், இணைப்பகத்து 48 வோல்ட் பாட்டரியின் பலத்தால் பேச முடிந்தது. வேகத்தில் வென்ற கண்ணாடியிழையோ வீட்டு மின்சாரத்தை நம்பியே இயங்குகிறது.