சிறுவர் கால்பந்துக் கழகங்கள்: பள்ளிகளும் அளவுகோல்களும்

ஒரு சிறுவர் கால்பந்துக் கழகம் நல்ல கழகமா என்று யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? நிர்வாகிகளைக் கேட்டால் கோப்பைக் கணக்கு வரும். பத்திரிகைக்காரர்களைக் கேட்டால், அங்கிருந்து போய்ப் புகழ்பெற்ற இரண்டு மூன்று பேரின் பெயர் வரும். பத்து வயதில் உள்ளே வந்து, பதினாறு வயதில் வெளியேறி, இன்று பேருந்து ஓட்டிக்கொண்டோ பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டோ இருக்கும் பழைய ஆட்டக்காரரைக் கேட்டால்தான் முழு விவரமும் கிடைக்கும். எந்தக் கோச் பேர் சொல்லிக் கூப்பிட்டார், எத்தனை ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தார்கள், பூட்ஸ் கிழிந்த அன்று யார் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பெயர்பெற்ற சில சிறுவர் கழகங்களை, அங்கே ஆடி வளர்ந்தவர்களின் வாழ்க்கையையும் நினைவுகளையும் கொண்டு இந்தக் கட்டுரை பார்க்கிறது. மைதானம் மாறினால் ஆட்டம் மாறும். அதனால் இவற்றைத் தனித்தனிப் பள்ளிகளாகவே கொள்ளலாம். எல்லாப் பள்ளிகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மற்றவர்கள் வேண்டாம் என்று அனுப்பிய பையனை இந்தக் கழகம் வைத்துக்கொண்டதா?

கப்பல் தளத்தின் பிள்ளைகள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் இருக்கிறது வால்சென்ட். அந்த ஊருக்குச் சோறு போட்டது கப்பல் கட்டும் தொழில். டைட்டானிக் மூழ்கியபோது தப்பியவர்களை மீட்டுச் சென்ற கார்பேத்தியா கப்பல் இங்கே கட்டப்பட்டதுதான். மொரட்டேனியா கப்பலும் 1906-இல் இந்தக் கரையிலிருந்துதான் நீரில் இறங்கியது. ஸ்வான் ஹன்டர் கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளர்கள் 1904-இல் தொடங்கிய அமைப்பு வால்சென்ட் பாய்ஸ் கிளப். தொழில் பழக வந்த பையன்களுக்கும் ஊர்ப் பையன்களுக்கும் மாலை வேளையில் போக ஓர் இடம் வேண்டும் என்று நினைத்துத் தொடங்கினார்கள். கால்பந்துக்குப் பேர்போனது அதற்குப் பிறகு.

மைக்கேல் கேரிக் ஐந்து வயதில் இங்கே சனிக்கிழமை இரவுகளில் ஆடத் தொடங்கினார். அவருடைய அப்பா கிளப்பில் தொண்டு செய்துவந்தவர். சனிக்கிழமை இரவு நடந்தது சிறு அணிகளின் ஆட்டம். ஆள் குறைவு, இடமும் குறைவு. பந்து காலுக்கு வருமுன்பே அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட் நடுக்களத்தில் கேரிக் அவசரமே இல்லாமல் பாஸ் கொடுத்ததைப் பார்த்தவர்கள், இந்தப் பள்ளியின் பாடத்தை அதில் அடையாளம் காணலாம். பிரீமியர் லீக்கில் 260 கோல் அடித்த ஆலன் ஷியரரும் இந்தக் கிளப்பில் ஆடியவர்தான். ஜாக் ஹிக்ஸன் என்ற தேர்வாளர் கண்ணில் பட்டுத்தான் அவர் தெற்கே சௌத்தாம்ப்டனுக்குப் போனார்.

ஆனாலும் வால்சென்டின் தரத்தைச் சொல்ல ஷியரரைவிடப் பொருத்தமானவர்கள் ஸ்டீவ் புரூஸும் பீட்டர் பியர்ட்ஸ்லியும். புரூஸைப் பல தொழில்முறைக் கிளப்புகள் உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பின. ஸ்வான் ஹன்டர் தளத்தில் பிளம்பர் வேலை பழகப் போகவிருந்த நேரத்தில் கில்லிங்ஹாம் கிளப் அவரைச் சோதித்துப் பார்க்க அழைத்தது. கூடவே போனவர் பியர்ட்ஸ்லி. புரூஸை எடுத்துக்கொண்டார்கள், பியர்ட்ஸ்லியை வேண்டாம் என்றார்கள். பியர்ட்ஸ்லிக்கு 1979-இல் கார்லைல் இடம் கொடுத்தது. பின்னாளில் அவர் நியூகாசிலுக்கும் லிவர்பூலுக்கும் ஆடி, இங்கிலாந்துக்காக 59 ஆட்டங்களில் இறங்கினார். புரூஸ் மான்செஸ்டர் யுனைடெட்டின் தலைவர்களில் ஒருவராக 1993-இல் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். பெரிய கிளப்புகளின் தேர்வாளர்கள் இருவரையும் ஒரு மாலை, இரண்டு மாலை பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஊர்க் கிளப் அவர்களைப் பருவம் பருவமாகப் பார்த்தது. வேண்டாம் என்று சொல்லக் கேட்டு வீடு திரும்பிய பையனுக்கு அடுத்த வாரமும் ஓர் ஆட்டம் இருந்தது.

ஸ்வான் ஹன்டரின் கப்பல் கட்டும் வேலை 2006-ஐ ஒட்டி நின்றுபோனது. தளத்தின் பாரந்தூக்கிகள் 2007-இல் இந்தியாவின் பாரதி ஷிப்யார்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் மட்டும் தளம் போன பின்னும் நிற்கிறது.

திறந்த வெளியின் பாடம்

கிழக்கு லண்டனின் செந்ராப் கழகம் 1961-இல் தோன்றியது. அதன் களம் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ். எப்பிங் வனத்தைச் சேர்ந்த பரந்த புல்வெளி அது. ஆடுகளங்கள் ஒன்றையொட்டி ஒன்றாக விரிந்து கிடக்கும். மறைப்பில்லாத வெளியில் காற்று பந்தை இழுத்துக்கொண்டு போகும். உயரப் பந்தை எங்கே சந்திப்பது, ஈரப் புல்லில் எவ்வளவு அழுத்தி அடிப்பது என்று உடம்பு தானாகக் கற்கிற இடம் இது.

ரே வில்கின்ஸ், சோல் கேம்ப்பெல் என்று நீளும் செந்ராப் வரிசையில் 1990-களின் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு. ஜான் டெர்ரி, லெட்லி கிங், பாபி ஜமோரா, பால் கான்செஸ்கி ஆகிய நால்வரும் 1980 அக்டோபருக்கும் 1981 மே மாதத்துக்கும் இடையில் பிறந்தவர்கள். பள்ளிக் கணக்கில் ஒரே வகுப்பு வயது. நால்வருமே இங்கிலாந்து அணிக்கு ஆடினார்கள். அவர்களைவிடச் சற்று இளையவரான ஜெர்மைன் டெஃபோவும் ஆடினார். உலகம் தடுப்பாட்டக்காரராக அறிந்த டெர்ரி சிறுவயதில் நடுக்களத்தில் ஆடியவர். பையனை ஒரே இடத்தில் கட்டிப்போடாமல் ஆடவிட்டால், அவன் இடம் எது என்று காலம் சொல்லும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் இவர்களுக்குப் பந்து தள்ளிக்கொடுத்தவர்கள், பயிற்சியில் இவர்களைத் தடுத்து விழுந்தவர்கள், கோல் வாயில் நின்றவர்கள் என்று பலர் கூடவே ஆடியிருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் கட்டுரைகளில் அநேகமாக வருவதில்லை. டெர்ரியை எதிர்த்து வாரா வாரம் பயிற்சி செய்த பையன் இல்லாமல் டெர்ரி உருவாகியிருக்க முடியாது. கழகத்தின் வரலாறு அந்தப் பையனுடையதும்தான்.

தெருவும் குடியிருப்பும்

டப்ளின் நகரின் டிரம்கான்ட்ரா பகுதியில், தெருக்களுக்கிடையே நடந்த பந்தயங்களிலிருந்து 1928-இல் எழுந்த கழகம் ஹோம் ஃபார்ம். ஜானி ஜைல்ஸ், ரானி வீலன் போன்ற அயர்லாந்து ஆட்டக்காரர்கள் இங்கே வளர்ந்தவர்கள். காப்ரா பகுதிப் பிள்ளை லியாம் வீலன் 1953-இல், 18 வயதில், ஹோம் ஃபார்மிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். யுனைடெட்டுக்காக 98 ஆட்டங்களில் 52 கோல் அடித்த அவர், 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் இறந்தபோது வயது 22. காப்ராவில் ஒரு பாலம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தெருவிலிருந்து போன பிள்ளையைத் தெரு மறக்கவில்லை.

பெல்ஃபாஸ்ட் நகரின் கிரெகா குடியிருப்பிலும் ஒரு பாய்ஸ் கிளப் இருந்தது. அதில் ஆடிய ஒல்லிப் பையன் ஜார்ஜ் பெஸ்ட். உள்ளூர் கிளப்பான கிளென்டோரன் அவரை உடம்பு பற்றாது என்று தள்ளியது. கிரெகாவின் பயிற்சியாளர் பட் மக்ஃபார்லேன் தள்ளவில்லை. இடதுகால் பலவீனமாக இருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்ட, பையன் அந்தக் காலையே வைத்துப் பழகிப் பழகி, எது அவருடைய நல்ல கால் என்று எதிரணிக்குத் தெரியாதபடி ஆகிவிட்டார். 15 வயதில் அவரைப் பார்த்த பாப் பிஷப் என்ற தேர்வாளர், ஒரு மேதையைக் கண்டுவிட்டதாக மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் மாட் பஸ்பிக்குத் தகவல் அனுப்பியது உலகறிந்த கதை. எனக்கு அந்தத் தகவலைவிட இடதுகால் பற்றிச் சொன்ன சொல்தான் பெரிதாகத் தெரிகிறது. உடம்பு போதாது என்றவர்கள் பையன் மாற்ற முடியாத ஒன்றைக் குறையாகச் சொன்னார்கள். பயிற்சியாளர் அவனால் மாற்றிக்கொள்ளக் கூடியதைக் காட்டினார். தேர்வாளருக்கும் ஆசிரியருக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நம் பக்கத்துப் பள்ளிகள்

நம் ஊர்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளும் கடலோர ஊர்களும்தான் இந்த மரபைக் காத்துவருகின்றன. வட சென்னையின் வியாசர்பாடியில், முல்லை நகர் மைதானத்தைச் சுற்றி வளர்ந்த கால்பந்து ஒரு பள்ளி. குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக அங்கே நடக்கும் பயிற்சியில் படிப்பும் பந்தும் சேர்ந்தே நடக்கின்றன. வியாசர்பாடியிலிருந்து போன நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்தார். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மோதலில் வெற்றியே காணாத கொல்கத்தாவின் பாதிப் பேர் அன்று கொண்டாடியது ஒரு சென்னைப் பையனை. ஓரத்திலிருந்து உள்ளே வெட்டித் திரும்பும் அவருடைய ஆட்டத்தைப் பார்க்கும்போது, நெருக்கடியான இடத்தில் பழகிய கால்கள் நினைவுக்கு வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரம் இன்னொரு பள்ளி. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று அடுத்தடுத்து அமைந்த மீனவ ஊர்களில் கால்பந்து ஊர்த் திருவிழாவோடு ஒன்றாகக் கலந்தது. மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை சுலபம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை போனார். அவருடைய சகோதரர் ரெஜின், 2018-19 ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியில் இருந்தார்.

அளவுகோல்கள்

இத்தனை பள்ளிகளையும் பார்த்த பிறகு, ஒரு கழகத்தை அளக்க மூன்று அளவுகோல்கள் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பொறுமை. புரூஸ், பெஸ்ட் இருவரையும் உடம்பைக் காட்டித்தான் தள்ளினார்கள். பன்னிரண்டு வயதில் ஒரே அணியில் நிற்கும் இரண்டு பையன்களின் உடல் வளர்ச்சிக்கு இடையே மூன்று ஆண்டு இடைவெளி இருக்கலாம். அன்றைய ஆட்டத்தை வெல்ல நினைக்கும் கழகம் வளர்ந்தவனை இறக்கும். ஆட்டக்காரனை உருவாக்க நினைக்கும் கழகம் இருவரையும் இறக்கும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2012-இல் இதை விதியாகவே மாற்றியது. ஏழு, எட்டு வயதுக்குட்பட்டோருக்கு ஐவர் ஆட்டம், ஒன்பது, பத்துக்கு எழுவர், பதினொன்று, பன்னிரண்டுக்கு ஒன்பதின்மர் என்று களத்தைச் சுருக்கியது. சிறு வயதினரின் போட்டிகளில் புள்ளிப்பட்டியல் வெளியிடுவதையும் நிறுத்தியது. வால்சென்டின் சனிக்கிழமை இரவு ஏற்கெனவே கற்றுக்கொடுத்த பாடம்தான் அது.

இரண்டாவது, தொடர்ச்சி. இந்தக் கழகங்களின் ஆதாரம் சம்பளம் வாங்காதவர்கள். சனிக்கிழமை கதவு திறக்கும் என்று பையன் நம்பினால்தான் அவன் வருவான். மழையிலும், தோற்ற மறுநாளிலும், நன்கொடை வராத ஆண்டிலும் அந்தக் கதவைத் திறந்தவரின் பெயர் கழகப் பதிவேட்டில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. கழகங்கள் வெளியிடும் சிறப்பு மலர்களில் இதை எழுதத் தயங்குவார்கள். எழுதியே ஆக வேண்டும். 2016 நவம்பரில் இங்கிலாந்தில் ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் ஆட்டக்காரர், சிறுவயதில் பயிற்சியாளர் ஒருவரால் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை வெளிப்படையாகச் சொன்னார். அவரைத் தொடர்ந்து பலர் பேசினார்கள். கிளைவ் ஷெல்டன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2021 மார்ச்சில் வந்தது. 1995 முதல் 2000 வரையிலான காலத்தில் கால்பந்துச் சங்கம் சிறுவர்களைக் காக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று அது சொன்னது. கோப்பைகளும் புகைப்படங்களும் மறைத்திருந்ததை ஆட்டக்காரர்களின் நினைவுகள் வெளியே கொண்டுவந்தன. இனிய நினைவுகளை மட்டும் கேட்கும் கழகம் தன் வரலாற்றில் பாதியைத்தான் தெரிந்துகொள்ளும். குழந்தைகள் நலனுக்கென ஒரு பொறுப்பாளர், பயிற்சியாளர்களின் பின்னணிச் சோதனை, தனியறையில் தனியாளாகப் பயிற்சி இல்லை என்ற கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சிறிய கழகத்துக்கும் இன்றியமையாதவை. நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்லும் கடமை, மாலையில் பிள்ளைகள் பந்தோடு நிற்கும் மைதானத்துக்கும் உரியதுதான்.

மலர் வெளியிடும் ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மலருக்கு முன் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் போங்கள். மாநில அணிக்குப் போனவரிடம் மட்டும் நிற்காதீர்கள். இரண்டு ஆண்டு ஆடிவிட்டு நின்றுபோனவரையும், அதிகம் வெளியே உட்கார்ந்தவரையும், கோபித்துக்கொண்டு விலகியவரையும் கேளுங்கள். ஏன் வந்தார், ஏன் போனார், யார் அவரை நல்லபடியாக நடத்தினார்கள், யார் நடத்தவில்லை என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள். அவர் தன் பிள்ளையை அதே மைதானத்துக்கு அனுப்பச் சம்மதித்தால், அதைவிடப் பெரிய கோப்பை உங்கள் கழகத்துக்கு வேறில்லை.