கையில் எழும் நாதம்

பலேர்மோ மாநகரத்தின் மாஸ்ஸிமோ அரங்கம், 1897ஆம் ஆண்டு மே மாதம் வெர்தியின் ‘ஃபால்ஸ்டாஃப்’ இசை நாடகத்தோடு திறக்கப்பட்டபோது, அதை நடத்திய லெயோபோல்தோ முன்யோனே, தாம் ஒரு சுரமும் வாசிக்காமலே சகல வாத்தியங்களையும் ஒருமுகப்படுத்தி நின்றார் என்பதை எண்ணுந்தோறும், இசை நடத்தும் கலையின் ஆரம்பப் பாடங்கள் மீது எனக்குப் பெரும் பிரியம் உண்டாகிறது.

நான்கடித் தாளத்தில் நடத்துநரின் கோல் முதலடிக்குக் கீழே இறங்கி, இரண்டாவதற்கு இடப்புறமும் மூன்றாவதற்கு வலப்புறமும் சென்று, நான்காவதற்கு மேலே எழும். ஆயினும், முதலடிக்கு முன்பே நிகழும் ஆயத்த அசைவே இக்கலையின் ஜீவன். இசை நடத்துநர் மூச்சை உள்ளிழுத்துக் கையை உயர்த்தும் அந்த க்ஷணத்திலேயே, வரப்போகும் இசையின் வேகமும் பலமும் பாவமும் குழல் ஊதுவோருக்கும் வில் பிடிப்போருக்கும் தெரிந்துவிடுகின்றன. வலக்கை காலப்பிரமாணத்தைக் காக்க, இடக்கை ஓசையை உயர்த்தியும் தணித்தும், தொடங்க வேண்டிய வாத்தியத்தை அழைத்தும் துணை நிற்கிறது. நம் கச்சேரியில் தாளம் போடும் கை ஆவர்த்தனத்தைக் கணக்கிடுகிறது. இந்தக் கையோ நாதத்தையே முன்கூட்டி வரைகிறது.

இனி வாத்தியக் குழுவின் இசையைக் கேட்கச் செல்லும் அன்பர்கள், முதல் ஒலி எழுமுன் நடத்துநரின் கையைக் கவனிக்க வேண்டுகிறேன்.